சேமிக்க இடம் போதவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு டிரைவர் பொத்தானை அழுத்தினார். அந்த நேரத்தில் அவள் எந்த ஒலியையும் அனுப்பியிருக்கவில்லை.

மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஒலி கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். செவிச் சோதனைக்கு இருக்கிற ஒரே விதி அதுதான். அரைமணி நேரமாக அந்த மனிதர் அழுத்த வேண்டிய இடங்களில் அழுத்தாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இப்போது ஒன்றுமில்லாததற்கு அழுத்துகிறார்.

அவள் எழுந்து போய் அவருடைய ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினாள்.

"என்ன கேட்டுச்சுண்ணே?"

"டிங்குன்னு ஒண்ணு."

"நான் எதுவும் போடலையே."

"கேட்டுச்சும்மா. இன்னைக்கு எனக்கு ஒழுங்காக் கேட்டதே அது ஒண்ணுதான். அதையும் இல்லைன்னு சொல்லிடாதீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி மேசையைப் பார்த்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளேயர் இருந்தது. பாட்டுக் கேட்பதற்கென்று கம்பெனிக்காரன் செய்தது. இங்கே அது பாட்டை அறியாது. சோதனைக்கான சொற்பட்டியல்களும் சந்தை இரைச்சலும்தான் அதற்குள் இருந்தன. அதன் கம்பி மெஷினுக்குள் போகும். மெஷினிலிருந்து ஹெட்போனுக்குப் போகும். திரையில் ஒரு வரி வந்து நின்றிருந்தது. 'சேமிக்க இடம் போதவில்லை.' அந்த அறிவிப்போடு வந்த மணியோசைதான் டிரைவரின் காதில் விழுந்திருக்கிறது.

அந்த ஓர் அழுத்தலை விட்டுவிட்டு மீதியை முடித்தாள். முடிவு நல்லதாக இல்லை. அவருடைய நாற்காலியைத் தன் முகம் தெரியும்படி திருப்பி, வரைபடத்தைக் கையில் கொடுத்தாள். கோடு இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போனது.

"மலைப்பாதை மாதிரி இருக்கு," என்றார் டிரைவர். "இந்த இறக்கத்துல ரெண்டாவது கியர்லதான் வரணும்."

"எவ்வளவு நாளாண்ணே இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். கண்டக்டர் பின்னாடி தகரத்துல தட்டுவான்ல, அது காதுல விழறதில்ல. கால் பலகை லேசா அதிரும். காலால கேக்கறேன்னு வெச்சுக்குங்களேன்." பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு கதவைப் பார்த்தார். "இது டிப்போவுக்குப் போகுமா?"

"போகாது. இந்த ரூம்ல பேசறது இந்த ரூமோட சரி."

இதை அவள் எல்லோரிடமும் சொல்வாள். காது மந்தமானவர்கள் ரகசியத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார்கள். அறையின் கதவு ஒரு சாண் கனம். சுவர் இரண்டு அடுக்கு, நடுவே பஞ்சு. சாத்திவிட்டால் தெருவில் லாரி போவது உள்ளே தெரியாது. உள்ளே ஒருவர் அலறினாலும் வெளியே தெரியாது. அந்தத் தைரியத்தில் மனிதர்கள் அங்கே உட்கார்ந்து மருமகளைப் பற்றிச் சொன்னார்கள், மகனைப் பற்றிச் சொன்னார்கள், செத்துப்போகத் தோன்றுவதைச் சொன்னார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை அவள் வழியாக வெளியே போனதில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"ஆனா ஒண்ணுண்ணே. நாளைலேர்ந்து நீங்க வண்டி எடுக்கக் கூடாது."

டிரைவர் வரைபடத்தில் கோடு முடிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"தெரியும்மா. அதுக்குத்தான் வந்தேன். நானாப் போய்ச் சொன்னா டிக்கெட் பிரிவுலயோ பயிற்சிப் பிரிவுலயோ உக்கார வெச்சுடுவாங்க. இருபத்திரண்டு வருஷம், ஒரு பூனை மேல ஏத்தினதில்ல. அதே அடுத்தவன் சொல்லித் தெரிஞ்சா மறைச்சேன்னு ஆயிடும். சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

"அப்ப இன்னைக்கே போய்ச் சொல்லுங்க."

"பெரிய மேனேஜர் ஊர்ல இல்ல. ஒண்ணாம் தேதிதான் வர்றாரு. இப்ப அவர் நாற்காலில உக்காந்திருக்கிற ஆளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்."

"லீவு இருக்கா?"

"முப்பத்தெட்டு நாள் சேர்ந்து கிடக்கு."

"போட்டுடுங்க. ஒண்ணாம் தேதி நீங்களே போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் எங்கிட்டேர்ந்து ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அவர் எழுந்து, வரைபடத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கதவைத் திறக்கத் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

"நல்ல ரூம்மா இது," என்றார்.

வெளியே கண்ணாடி மேசைக்குப் பின்னால் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவன் பெயர் சின்னவன். முப்பத்து நான்கு வயதாகியும் சின்னவன்தான். கடை இருவருக்கும் பொது. அவள் சோதிப்பாள், அவன் கருவி விற்பான், கெட்டதைப் பழுது பார்ப்பான். அவனுடைய இடது காதில் எப்போதும் ஓர் இயர்போன் இருக்கும்.

"காது மெஷின் விக்கிறவனே காதை அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா வர்றவங்க என்னடா நினைப்பாங்க?"

"பாட்டுக் கேக்கறேன்க்கா. ஒரு காது எனக்கு, ஒரு காது உனக்கு. பாதிப்பாதி."

அவள் பிளேயரை நீட்டினாள். "இடம் பத்தலைங்குது. அதுவும் சோதனைக்கு நடுவுல. டிரைவர் அண்ணன் அதுக்குப் பொத்தானை அழுத்தறாரு."

சின்னவன் சிரித்தான். அந்தப் பிளேயரைப் பூட்டு உடைத்தவன் அவன்தான். கம்பெனிக்காரன் அதன் சத்தத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தான். நல்ல காதுள்ளவர்கள் காதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க அந்த வரம்பு. இங்கே வருகிறவர்களுக்கு அது போதாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைத் திறந்தான். ஜெயில்பிரேக் என்று பெயர் சொன்னான். திருட்டு வேலையாடா என்று அவள் கேட்டதற்கு, நம்ம வீட்டுப் பூட்டை நாமளே உடைச்சா எந்தப் போலீஸ்க்கா வருவான் என்றான். சத்தமானியை வைத்து அளந்து பார்த்தாள். கேட்ட அளவு அப்படியே வந்தது. அன்று அவளுக்குத் தம்பியைப் பற்றி நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாலு பேரிடம் சொல்லவும் சொன்னாள்.

"நீ ரெக்கார்ட் பண்ணினதெல்லாம் பெரிய பெரிய ஃபைல்க்கா," என்றான் இப்போது. "குழந்தைங்க பட்டியல் ரெண்டு இருக்குல்ல, ஒண்ணை அழி."

குழந்தைகளுக்கான சொற்பட்டியல் அவள் குரலிலேயே இருந்தது. பந்து, பூனை, கதவு, மீன். மூன்று விடுமுறை நாட்கள் அறைக்குள் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் சத்தமானியின் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிந்தது. இரண்டு பட்டியல்களையும் ஒருமுறை கேட்டாள். இரண்டாவதில் குரல் கொஞ்சம் களைத்திருந்தது. அதை அழித்தாள்.

ஒன்பது நாள் பிளேயர் வாயைத் திறக்கவில்லை. பத்தாவது நாள் ஒரு மூதாட்டிக்குச் சோதனை நடந்துகொண்டிருந்தபோது மறுபடி டிங் என்றது. அவரும் கடமையாகப் பொத்தானை அழுத்தினார். அன்று மாலை அவள் சந்தை இரைச்சலை அழித்தாள். அது கூடையோடு கூடையாக ஒரு மணி நேரம் சந்தைக்குள் நடந்து பிடித்தது. இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரிகிறதா என்று பார்க்க அதைவிட நல்லது அவளிடம் இருந்ததில்லை.

"நான் ஒண்ணும் புதுசாப் போடலடா. எடுத்துக்கிட்டேதான் இருக்கேன். இடம் மட்டும் எங்க போகுது?"

"அது கிழமாயிடுச்சுக்கா. புதுசு வாங்கிடலாம். இனிமே நமக்குக் காலம்."

"என்ன காலம்?"

அவன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணாடிமேல் வைத்து, அவள் பக்கமாகத் திருப்பினான். பஸ் டிப்போவின் முத்திரை. இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டுநர்களுக்கு வருடம் ஒருமுறை செவிச் சோதனை.

"பன்னிரண்டு வருஷமா ஒவ்வொருத்தரா வந்தாங்க. இனிமே பஸ்ஸோட வருவாங்க."

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். டிரைவரைத்தான் முதலில் நினைத்தாள். ஒன்றாம் தேதி அவர் போய்ச் சொன்னதும், அவருடைய தோழர்களுக்கும் தானேதான் சோதனை செய்வேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். இனி ஒருவர் இரண்டு வருடம் காலால் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

"போன வருஷம் வாசல்லயே திருப்பி அனுப்பினாங்களே. எப்படிடா குடுத்தாங்க?"

"பேசற விதத்துல பேசினேன்."

அவனுக்கு அந்த வித்தை இருந்தது. ஒரு வருடமாகவே கைராசி கூடியிருந்தது. சோதனை முடிந்து குடும்பம் வெளியே வந்து உட்கார்வதற்குள், எந்த விலைக் கருவியை எடுத்து வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கு வெளியே தெரியாத மாதிரி வேணும்ல, சார் என்பான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். முகம் பார்த்தே மனசைப் படிக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இருபத்தாறாம் தேதி டிரைவர் வந்தார். சின்னவன் உதிரிபாகம் வாங்கப் போயிருந்தான். அவள் அறைக் கதவைத் திறந்து வழிவிட்டாள். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்கண்ணே."

"இங்கயே சொல்லிடறேன்மா. இனி மறைக்க என்ன இருக்கு."

கையில் ஒரு கடிதம் இருந்தது. உடற்குறையை மறைத்துப் பணிசெய்த காரணத்தால் தற்காலிகப் பணிநீக்கம். விசாரணை முடியும்வரை டிப்போவுக்குள் வரக் கூடாது.

"நேத்து கூப்பிட்டான் அந்த ஆளு. நான் போறப்ப ஷெட்டுல பத்துப் பேர் நிக்கறாங்க. எல்லார் முன்னாடியும், காலால கேக்கற டிரைவர் நீங்கதானான்னான். சிரிச்சாங்க. எனக்கு அவங்க வாய்தான் தெரிஞ்சுது. என்ன சொல்லிச் சிரிக்கிறாங்கன்னு கேக்கல."

"நான் அதை எங்கயும் எழுதலையே, அண்ணே."

"எழுதியிருக்க மாட்டீங்க. சொல்லியிருப்பீங்க."

"சத்தியமா இல்ல."

அவர் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு புரியும்.

"எங்க வீட்டுக்காரிகிட்டகூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லம்மா. இந்த ரூம்ல சொன்னேன். உங்ககிட்டச் சொன்னேன். மூணாவது ஆள் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

சத்தம் போட்டிருந்தால் தேவலாம். போடவில்லை. கடிதத்தை மடித்து அதே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவள் பூட்டிய இழுப்பறையைத் திறந்தாள். அவருடைய தாளில் எண்கள் மட்டும் இருந்தன. கால் என்ற சொல் எங்கும் இல்லை. பிறகு ரேடியோவை அறைக்குள் கொண்டுபோய் முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக் காதை ஒட்டி வைத்தாள். மரத்தின் குளிர்ச்சி மட்டும் இருந்தது. நாலு பக்கமும் அப்படியே பார்த்தாள். சுவர் காட்டிக்கொடுக்கவில்லை.

உள்ளே போய் ரேடியோவை நிறுத்திவிட்டு, சோதனைக்கு வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மெஷின், ஹெட்போன், பொத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும்போது பிளேயர் டிங் என்றது.

'சேமிக்க இடம் போதவில்லை.'

அளவு பார்ப்பதே அவளுடைய தொழில். இத்தனை நாள் இதை மட்டும் அளந்து பார்க்கத் தோன்றாமல் போனது எப்படி என்று பின்னால் பலமுறை கேட்டுக்கொண்டாள். அமைப்புகளைத் திறந்தாள். மொத்த இடம் முப்பத்திரண்டு ஜி.பி. அவளுடைய ஒலிகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஜி.பி.கூட இல்லை. கீழே 'மற்றவை' என்று ஒரு வரி. அதற்கு நேரே இருபத்தெட்டு.

இந்த மாதிரிச் சமயத்தில், டேய் என்று வெளியே பார்த்துக் குரல் கொடுப்பது வழக்கம். அன்று அவன் கடையில் இருந்திருந்தாலும் குரல் எழும்பியிருக்காது. பிளேயரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு நடந்தாள்.

கடைக்காரி நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பிளேயரைத் திருப்பிப் பார்த்தாள்.

"பூட்டு உடைச்ச சாமானா. இதுல எவன் வேணா குடி வரலாம்க்கா, வாடகை கேக்க ஆள் கிடையாது."

கம்பியை மாட்டினாள். திரையில் எழுத்துகள் ஓடின. தேநீரை ஒரு வாய் குடித்தாள். அடுத்த வாயைக் குடிக்க மறந்துபோய்த் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்களுது ஒரு மூலையில ஒண்டிக்கிட்டுக் கிடக்கு. மீதி வீடு பூரா வேற ஒண்ணு இருக்கு. ஆயிரத்து நானூறு சொச்சம் ஃபைல். எல்லாம் சத்தம்."

"என்ன சத்தம்?"

"ரூம்ல ஆள் பேச ஆரம்பிச்சா இது முழிச்சுக்குது. பேச்சை அப்படியே இன்னொரு போனுக்கு அனுப்புது. ரொம்பத் தூரம் இல்ல, பக்கத்துலயே இருக்கிற போனுக்கு. உக்காந்த இடத்துல இயர்போன்ல கேக்கலாம்." அவள் அம்புக்குறியை நகர்த்தினாள். "போட்டவர் கேக்கறதுக்குத்தான் போட்டிருக்காரு. ஆனா அனுப்பறதையெல்லாம் இது ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிட்டே வந்திருக்கு. அதை நிறுத்தணும்னு அவருக்குத் தெரியல. அதான் மூச்சு முட்டுது, மூச்சு முட்டுதுன்னு இது கத்திக்கிட்டே இருந்திருக்கு."

ஏதோ ஒன்றைத் தொட்டாள். நாற்காலி நகரும் ஓசை வந்தது. பிறகு அவளுடைய குரலே வந்தது, நிதானமாக, யாரையோ தைரியப்படுத்தும் குரல்.

"...இந்த ரூம்ல பேசறது இந்த ரூமோட சரி."

கடைக்காரி சட்டென்று நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பட்டியலை மேலே தள்ளினாள். முதல் ஃபைலுக்குப் பதினான்கு மாத வயது. நாளும் நேரமும் வரிசையாக ஓடின. ஓரிடத்தில் அவள், நிறுத்துங்க என்றாள்.

ஒரு புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி ஆறு நிமிடம். பதினொரு நிமிட நீளம். அன்று பிற்பகல் சோதனை எதுவும் இல்லை. விவாகரத்துத் தீர்ப்பின் நகல் தபாலில் வந்த நாள் அது. கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்துப் படித்து, தம்பியிடம், பரவாயில்லடா, எதிர்பார்த்ததுதானே என்று சொல்லிவிட்டு, மெஷினைத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவை நம்பி, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது சின்னவன் தலையைத் தூக்கி, டீ சொல்லட்டுமாக்கா என்று கேட்டான். ஒன்றும் தெரியாமலே கேட்கிறானே பிள்ளை என்று அன்று அவளுக்கு மனம் இளகிப்போயிற்று.

"இதைப் போடவாக்கா?"

"வேண்டாம்."

"எல்லாத்தையும் அழிச்சுடவா? அஞ்சு நிமிஷ வேலை. இடம் காலியாயிடும்."

"அப்படியே குடுங்க," என்றாள்.

திரும்பி வந்தபோது சின்னவன் கடையைத் திறந்து விளக்குகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கக்கா போயிட்ட, சாத்திட்டு? ரெண்டு பேர் வந்து திரும்பிட்டாங்களாம், பக்கத்துக் கடையில சொன்னாங்க."

அவள் பிளேயரை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"காதுல இருக்கிறதை எடு."

அவன் எடுத்தான். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டான். அவன் எதையும் மறுக்கப்போவதில்லை என்று அதிலேயே தெரிந்தது.

"எத்தனை நாளா?"

"வியாபாரத்துக்குக்கா. வேற எதுக்கும் இல்ல. நீ உள்ள உக்காந்து உருகுவ. வெளிய வந்ததும் அவங்க எங்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. உள்ளாற என்ன பேசிக்கறாங்கன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை சரியாப் பேசலாம்ல. ரெண்டு கடை மூடிட்டான் இந்தத் தெருவுல. நாம மூடலையே, ஏன்னு யோசிச்சியா?"

"டிரைவர் விஷயத்தை யார்கிட்டச் சொன்ன?"

"பேர் சொல்லலக்கா."

"யார்கிட்டச் சொன்ன?"

"அந்த மேனேஜர்கிட்டதான். எங்க டிரைவருக்கெல்லாம் காது நல்லாத்தான் இருக்கு, சோதனை எதுக்குன்னான். வாய்ல வந்துடுச்சு. உங்க டிப்போலயே ஒருத்தர் காலால கேட்டு வண்டி ஓட்டறாருன்னேன். லீவுப் புத்தகத்தைப் பார்த்து அவனே கண்டுபிடிச்சுக்கிட்டான்." அவன் குரல் கொஞ்சம் உறுதிப்பட்டது. "அதுல தப்பென்னக்கா? காது கேக்காதவன் பஸ் ஓட்டினா எத்தனை உசுரு? நீ மறைச்சுட்ட. நான் சொன்னேன்."

"அவர் மறுநாள்லேர்ந்து ஸ்டியரிங்கைத் தொடல. அதையும் கேட்டிருப்பியே. லீவு போடச் சொன்னதும் அதே ரூம்லதானே சொன்னேன்."

சின்னவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"ஒண்ணாம் தேதி அவரே போய்ச் சொல்லப் போறாருன்னும் கேட்டிருப்ப."

"ஒண்ணாம் தேதிக்குள்ள ஒப்பந்தம் வேற எவனுக்காவது போயிருக்கும்க்கா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் வலித்தது.

"தீர்ப்பு வந்தன்னைக்கு நான் உள்ள போனேனே. அன்னைக்கும் இது காதுல இருந்துச்சா?"

அவன் மூடிய கையைப் பார்த்தான்.

"பதினோரு நிமிஷம்," என்றாள். "ஆறடி தள்ளி உக்காந்திருந்த. ஏன்டா கதவைத் தட்டல?"

"டீ சொன்னேனேக்கா," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தையும் நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த முகம்.

பிளேயரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அதை ஏன்க்கா எடுத்துக்கற?"

"ஒண்ணாம் தேதி டிப்போவுக்குப் போறேன்."

"போய்?"

"விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பெரிய மேனேஜர்கிட்டச் சொல்லப் போறேன்."

"ஒப்பந்தம் போயிடும்க்கா. ஒப்பந்தம் என்ன, கடையே போயிடும். இந்தக் கடையில ஒட்டுக் கேப்பாங்கன்னு ஒருதரம் வெளிய போச்சுன்னா ஒரு குருவி படியேறாது. அந்த ஆளு யாரு உனக்கு? மூணுதரம் பார்த்திருப்பியா? கூடப் பொறந்தவன் நான்."

அவள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். அவன் இருக்கும் இடத்து விளக்கை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

ஒன்றாம் தேதி காலை டிரைவரின் வீட்டுக்குப் போனாள். அவர் வீட்டுக்காரிதான் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெரிய மேனேஜரைப் பார்க்கப் போகலாம் என்று மட்டும் சொன்னாள்; வழியில் வேறெதுவும் சொல்லவில்லை. அவரால் நடந்துகொண்டே உதட்டைப் பார்க்க முடியாது. டிப்போ வாசலில் நிறுத்தி, முகத்துக்கு நேரே நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி என்ற சொல்லை இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது. முதல்முறை அவருக்குப் புரியவில்லையா, நம்ப முடியவில்லையா, தெரியவில்லை.

பெரிய மேனேஜரிடம் கேட்டுக்கொண்ட பிறகே காவலாளி டிரைவரை உள்ளே விட்டான். மேனேஜர் ஊரிலிருந்து வந்த களைப்போடு உட்கார்ந்திருந்தார். அவள் பிளேயரை மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார்.

"இதுல என் பேச்சும் பதியுதா இப்ப?"

"அணைச்சு வெச்சிருக்கேன், சார்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தாள். சோதனை நடந்த தேதி, மறுநாளே அவர் விடுப்பு எடுத்தது, ஒன்றாம் தேதி தாமே வந்து சொல்வதாக இருந்தது, விஷயம் வெளியே போன வழி. கீழே கடையின் முத்திரையைக் குத்தினாள். மை சரியாக விழவில்லை. இரண்டாவது முறையும் குத்தினாள். மேனேஜர் படித்துவிட்டு, ஒப்பந்தக் கோப்பை எடுத்து, நாடாவைக் கட்டி, கீழ்த்தட்டில் போட்டார்.

"விசாரணையை நான் பார்த்துக்கறேன்," என்று டிரைவரிடம் உரக்கச் சொன்னார். "லீவு முடியறவரைக்கும் வீட்ல இருங்க. பயிற்சிப் பிரிவுல இடம் இருக்கான்னு கேக்கறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது."

"சரிங்க சார்," என்றார் டிரைவர்.

வெளியே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஷெட்டில் நின்ற இரண்டு பேர் டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவரும் அசைத்தார். ஒரு பஸ் பின்னோக்கி வந்தது. அவள் அவருடைய முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பஸ் போனபின் கையை விட்டாள்.

"பயிற்சிப் பிரிவுன்னா பேச்சு நல்லாக் கேக்கணும்ண்ணே," என்றாள், அவர் முகத்துக்கு நேரே நின்று. "மெஷின் வெச்சா உங்களுக்கு முக்கால்வாசி வந்துடும். அளவு எடுத்துப் பொருத்தணும், ரெண்டு மூணு தடவை உக்காரணும். நாளைக்குக் காலையில வாங்க. நான் மட்டும்தான் இருப்பேன்."

டிரைவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது முழுக்கப் புரிந்திருந்தது.

"எங்க வரணும்மா? அந்த ரூமுக்கா?"